பத்தீர்: தண்டவாளத்தை வைத்துப் பேரம் பேசிய ஊர்

ஜெருசலேமுக்குத் தென்மேற்கே, பெத்லகேமுக்குச் சற்று மேற்கே, மலைச்சரிவில் இருக்கும் பாலஸ்தீன விவசாய ஊர் பத்தீர். மக்கள் சுமார் ஐயாயிரம் பேர். ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கில் யாஃபா–ஜெருசலேம் ரயில் பாதை போகிறது. இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் நடுவே 1949-ல் வரையப்பட்ட போர்நிறுத்தக் கோடு, அதாவது பச்சைக் கோடு, இந்தப் பாதையை ஒட்டியே ஓடுகிறது. வீடுகள் பெரும்பாலும் அன்று ஜோர்டான் வசம் போன மேற்குக் கரையில் இருக்கின்றன. நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கோட்டுக்கு அப்பால், இஸ்ரேல் பக்கம் விழுந்துவிட்டது.

இப்படிக் கோடு குறுக்கே விழுந்த ஊர்கள் மேற்குக் கரையின் ஓரமெங்கும் உண்டு. பலவற்றின் கதை ஒரே மாதிரிதான்: வீடு இந்தப் பக்கம், காடு கழனி அந்தப் பக்கம், இனி அங்கே போக முடியாது. பத்தீர்க்காரர்கள் மட்டும் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் ஆலிவ் மரங்களைக் கவனித்துவிட்டுத் திரும்பினார்கள். தலைமுறைக் கணக்கில் அது நடந்தது. 2000-களில் மேற்குக் கரையைப் பிரித்து இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவர் வந்தபோதும் அது இவர்கள் வயலுக்குள் இறங்கவில்லை.

ஏன் இந்த ஊருக்கு மட்டும்? ‘பழமையான ஊர், யுனெஸ்கோ காப்பாற்றியது’ என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. யுனெஸ்கோவுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது: எதிரில் இருப்பவருக்கு எது முக்கியம் என்று பார்ப்பது, அதைக் காப்பது தன் கையில்தான் இருக்கிறது என்று காட்டுவது.

தண்ணீர் முறை

முதலில் நிலம். பத்தீரின் சரிவுகள் முழுக்கப் படிப்படியான வயல்கள். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய தாங்கு சுவர்கள்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஊற்றுத் தண்ணீர் எட்டாத மேல் படிகளில் ஆலிவும் திராட்சையும் மழையை நம்பி வளர்கின்றன. ஊற்றுகளுக்குக் கீழே உள்ள படிகளில் காய்கறி. பத்தீர் கத்தரிக்காய்க்கு அந்தப் பக்கத்தில் தனிப் பெயர் உண்டு. வயல்களுக்கு நடுவே கல்லால் கட்டிய காவல் கோபுரங்கள் நிற்கின்றன. பெயர் என்னவோ ‘கஸ்ர்’, அரபியில் அரண்மனை. உண்மையில் அறுவடைக் காலத்தில் குடும்பம் தங்கிப் பயிரைக் காக்கும் சின்னக் குடில்தான்.

ஊற்றுத் தண்ணீர் ரோமர் காலத்துக் குளம் ஒன்றில் சேர்கிறது. அங்கிருந்து வாய்க்கால்கள் வழியாக வயலுக்குப் போகிறது. ஊரில் எட்டுப் பெரிய குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் தண்ணீர். அதனால்தான் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைக் கோல் வைத்து அளந்து, அன்றைய முறைக்காரக் குடும்பத்துக்குள் பங்கு பிரிக்கிறார்கள். ஏரிப் பாசனத்தில் நீர்கட்டி முறை வைத்து மடை திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை.

இந்தத் தண்ணீர் முறையில் ஆய்வுக்கு முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. தன் வயலை அப்படியே போட்டுவிட்டுப் போகும் குடும்பம் தன் பாதையையும் வாய்க்காலையும் மட்டும் கெடுப்பதில்லை. மேல் படியின் சுவர் சரிந்தால் மண் கீழ்ப் படியில் விழும். ஆகவே ஒருவர் வயலுக்கு வருகிறாரா இல்லையா என்பது பக்கத்து வயல்காரரின் கவலையும்கூட. ஊர் ஒன்றாக முடிவெடுக்கும் பழக்கம் இங்கே கல்லிலும் தண்ணீரிலும் இருந்தே வந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொரு அடுக்கும் உண்டு. பத்தீரை ஒட்டிய மேட்டில் இருக்கும் இடிபாடுகள்தான் பண்டைய பேத்தார் என்று கருதப்படுகிறது. ரோமுக்கு எதிரான பர் கோக்பா கிளர்ச்சி கி.பி. 135-ல் முடிவுக்கு வந்த கோட்டை அது. ஊரின் பெயரிலேயே அந்தப் பழைய பெயர் ஒளிந்திருக்கிறது. பக்கத்து மலையில் 1980-களில் எழுந்த பேத்தார் இல்லித் என்ற இஸ்ரேலியக் குடியேற்றத்தின் பெயரிலும் அதுதான். இன்று அந்தக் குடியேற்றத்தில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஆக, இந்த மண்ணில் பழமையை முன்வைத்து மட்டும் யாரும் வழக்கை வெல்ல முடியாது. இரு தரப்பிடமும் பழமை தாராளமாக இருக்கிறது.

1948–49: துணி காய்ந்த ஊர்

ரயில் பாதை 1892-ல் திறக்கப்பட்டது. பத்தீரில் ஒரு நிலையமும் இருந்தது. ஊர்ப் பெண்கள் காய்கறிக் கூடையோடு ரயில் ஏறி ஜெருசலேம் சந்தைக்குப் போய் விற்றுவிட்டு வருவார்கள். சின்ன ஊருக்குப் பெரிய நகரத்துச் சந்தை கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது இந்தப் பாதையால்தான்.

1948 போரில் அதே பாதை ஊருக்கு ஆபத்தானது. ஜெருசலேமைக் கடற்கரையோடு இணைக்கும் தடம் யார் கையில் இருக்க வேண்டும் என்பது போரிட்ட இரு தரப்புக்கும் முக்கியமாக இருந்தது. அந்த ஏப்ரலில் ஜெருசலேமை அடுத்த டெய்ர் யாசீன் என்ற பாலஸ்தீன ஊரில் யூத ஆயுதக் குழுக்கள் நடத்திய படுகொலைச் செய்தி சுற்றுவட்டாரமெங்கும் பரவ, பத்தீரிலும் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். கொஞ்சம் பேரோடு தங்கியவர் ஹசன் முஸ்தபா. ஊரிலேயே பிறந்த படிப்பாளி, எழுத்தாளர்.

அப்புறம் நடந்ததை ஊர் இன்றும் சொல்கிறது. காலி வீடுகளின் முன்னே துணி காயப் போட்டார்கள். இரவில் விளக்கேற்றி வைத்தார்கள். கால்நடைகளைக் கவனித்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்க்கும் படைக்கு ஊர் நிறைய ஆள் இருப்பதுபோலத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்கு நாட்டுப்புறக் கதை மாதிரி இருந்தாலும் இதன் விளைவு சட்டரீதியானது. கோடு வரையும் மேஜைக்குப் போனபோது பத்தீர் கைவிடப்பட்ட ஊர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்த மேஜையில் இஸ்ரேல் தரப்பில் இருந்தவர் ராணுவத் தளபதி மோஷே தயான். ஹசன் முஸ்தபா அவரோடு பேச்சு நடத்தினார். இஸ்ரேலுக்கு ரயில் பாதை முழுவதும் தன் கட்டுப்பாட்டில் வேண்டும், அதில் அசம்பாவிதம் கூடாது. ஊருக்கு நிலம் வேண்டும். முடிவு: பாதை இஸ்ரேலிடம், கோட்டுக்கு அப்பால் விழுந்த நிலத்தில் பத்தீர்க்காரர்கள் தொடர்ந்து விவசாயம் செய்யலாம், பதிலுக்கு ரயிலுக்கு எந்தச் சேதமும் வராமல் ஊர் பார்த்துக்கொள்ளும். 1949 ஏப்ரல் 3-ல் ரோட்ஸ் தீவில் கையெழுத்தான இஸ்ரேல்–ஜோர்டான் போர்நிறுத்த உடன்படிக்கை பாதையை இஸ்ரேல் பக்கம் வைத்தது. ஊர் மேற்குக் கரையில் நின்றது. வெளியேறிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

இதை வெற்றி என்று கொண்டாடுவதற்கு முன் ஒரு சங்கடமான விஷயத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஊர்தான் ரயிலுக்குப் பொறுப்பு. யாரோ ஒரு வெளியூர் இளைஞன் தண்டவாளத்தில் கல் வைத்தாலும் விலை கொடுக்க வேண்டியது பத்தீரின் வயல். தங்கள் இடத்தைப் பிரித்த கோட்டுக்கே காவல் காக்கும் நிலை. பத்தீர்க்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். வேறு ஊர்க்காரர்கள் சிலர் அதை ஏளனமாகவும் பார்த்திருக்கலாம். நிலம் மிஞ்சியது என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஹசன் முஸ்தபா அதோடு நிற்கவில்லை. 1961-ல் இறக்கும்வரை ஊரில் பள்ளி, சாலை, பெண்களுக்கான பயிற்சி என்று வேலை செய்துகொண்டே இருந்தார். 1967 போரில் மேற்குக் கரை முழுவதும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பின் கீழ் வந்தபோது கோட்டின் இரு பக்கமும் ஒரே ராணுவத்தின் கையில் வந்தது. பத்தீரின் பழைய ஏற்பாடு எழுத்தில் மறக்கப்பட்டாலும் நடைமுறையில் தொடர்ந்தது.

பக்கத்து ஊரை ஒப்பிட்டால்

பத்தீரை மட்டும் பார்த்தால் இது ஏதோ நல்லூழ் என்று தோன்றும். அதனால் அதே பள்ளத்தாக்கில் இருக்கும் அல்-வலாஜாவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் அதே மாதிரி படிவயல்கள், ஊற்றுகள், அதே ரயில் பாதை. ஆனால் 1948 அக்டோபரில் அந்த ஊரை இஸ்ரேல் படை பிடித்தது. போர்நிறுத்தக் கோடு பழைய ஊரையே இஸ்ரேல் பக்கம் தள்ளிவிட்டது. மக்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய தங்கள் நிலத்தில் புதிதாக ஊர் கட்டிக்கொண்டார்கள். 1967-க்குப் பிறகு அந்தப் புதிய ஊரின் ஒரு பகுதியை ஜெருசலேம் மாநகராட்சி எல்லைக்குள் இஸ்ரேல் இழுத்துக்கொண்டது. பிரிப்புச் சுவருக்கு எதிராக வலாஜா போட்ட மனுவை இஸ்ரேல் உயர் நீதிமன்றம் 2011-ல் தள்ளுபடி செய்தது. சுவர் வந்தது. ஊரின் படிவயல்களில் பெரும்பகுதியும் ஐன் ஹனியா ஊற்றும் சுவருக்கு அப்பால் போயின. அந்த இடம் இஸ்ரேலின் தேசியப் பூங்காவானது.

வயல், கல், தண்ணீர் எதிலும் பத்தீருக்கு வலாஜா குறைந்ததில்லை. வலாஜாக்காரர்கள் போராடவில்லை என்றும் சொல்ல முடியாது. வித்தியாசம் எங்கே என்றால், 1949-ல் பத்தீரிடம் பேரம் பேச ஒரு பொருள் இருந்தது, பேசுவதற்கு ஊரில் ஆளும் இருந்தது. அதோடு ஜெருசலேம் மாநகராட்சியின் எல்லைக் கோடு பத்தீரைத் தொடவில்லை. இந்த மூன்றாவது காரணம் முழுக்க அதிர்ஷ்டம். ஊர்க் கதையில் அதற்கு இடம் குறைவாகவே கிடைக்கிறது.

சுவர் வந்தபோது

இரண்டாம் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீனக் கிளர்ச்சியின் நடுவே, 2002-ல், இஸ்ரேல் பிரிப்புச் சுவரைக் கட்டத் தொடங்கியது. சுவர் என்றாலும் கிராமப்புறங்களில் பெரும்பாலும் உணரிகள் பொருத்திய வேலி, இருபுறமும் ரோந்துச் சாலை, அகழி, முள்கம்பிச் சுருள். அகலமே 50, 60 மீட்டர். சமவெளியில் இது நிலத்தை வெட்டிப் போகும். படிவயல் சரிவில் விஷயமே வேறு. சாலைக்கு இடம் செதுக்கினால் எத்தனையோ அடுக்குச் சுவர்கள் போகும், வாய்க்கால் அறுபடும், மேலே உள்ளது பிடிமானமின்றிச் சரியும். வேலியில் கதவு வைத்துத் தருகிறோம் என்ற உறுதிமொழியும் மற்ற ஊர்களில் எப்படி முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்: அனுமதிச் சீட்டு, குறிப்பிட்ட நேரம், சில இடங்களில் ஆலிவ் அறுவடைக் காலத்தில் மட்டும்.

பன்னாட்டு நீதிமன்றம் 2004 ஜூலை 9-ல், ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிக்குள் கட்டப்படும் சுவர் சட்டவிரோதம் என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. இஸ்ரேல் அதை ஏற்கவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்பு இஸ்ரேலின் சொந்த உயர் நீதிமன்றம் பேத் சூரிக் ஊர் வழக்கில் வேறு மாதிரி சொன்னது: பாதுகாப்புக்காகச் சுவர் கட்டலாம், ஆனால் மக்களுக்கு வரும் கேடு பாதுகாப்புப் பலனோடு ஒப்பிட்டால் அளவு மீறக் கூடாது. பத்தீர் இந்த இரண்டாவது கதவைத்தான் தட்டியது. சுவரே தப்பு என்று அந்த நீதிமன்றத்தில் வாதாடிப் பயனில்லை. இந்த இடத்தில், இந்தச் சரிவில், இழப்பு அளவு மீறியது என்று வாதாடலாம்.

ஊர் 2007-ல் வழக்குப் போட்டது. இஸ்ரேலியர், பாலஸ்தீனர், ஜோர்டானியர் சேர்ந்து நடத்தும் எக்கோபீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் பின்னால் அதில் இணைந்தது. பச்சைக் கோட்டுக்கு அப்பால் இருக்கும் இஸ்ரேலிய ஊரான சூர் ஹதாசாவைச் சேர்ந்த சிலரும் ஆதரவு தந்தார்கள். தண்ணீர், ஊற்று, கழிவுநீர் என்று இரண்டு ஊர்களும் ஏற்கெனவே பேசிப் பழகியிருந்தது இங்கே கைகொடுத்தது.

ரயிலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது ராணுவம். ஊரின் பதில் 1949-லிருந்து வந்தது: இத்தனை ஆண்டுகள் அந்த ரயிலுக்கு நாங்கள்தானே வேலியாக இருந்தோம்?

வழக்கின் திருப்பம் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. முன்பு சுவரின் தடத்துக்குத் தலையாட்டியிருந்த இஸ்ரேலின் இயற்கை மற்றும் பூங்கா ஆணையம் 2012-ல் நிலையை மாற்றிக்கொண்டது. இந்தப் படிவயல்களைச் சேதப்படுத்தினால் திரும்பக் கட்ட முடியாது என்று நீதிமன்றத்தில் சொன்னது. சுவரின் ஒரு துண்டை இஸ்ரேல் அரசின் ஓர் அமைப்பே எதிர்த்தது. பக்கத்திலுள்ள குஷ் எட்சியோன் பகுதியின் இஸ்ரேலியக் குடியேற்றத்தார் சிலரும் எதிர்த்தார்கள். அவர்களுக்கு வேறு காரணம், அந்த மலைகளுக்கு நடுவே எல்லைபோல ஒன்று எழுவதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பத்தீருக்கு ஆதரவாக ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள் ஒருவரோடொருவர் உடன்பட்டவர்கள் அல்லர். ஒரே முடிவு எல்லோருக்கும் தேவைப்பட்டது, அவ்வளவே. பூங்கா ஆணையத்துக்கு நிலக்காட்சி, குடியேற்றத்தாருக்கு எல்லையில்லாத நிலம், ஊருக்கு வயல்.

யுனெஸ்கோவின் பங்கு

2011 அக்டோபரில் பாலஸ்தீனம் யுனெஸ்கோவின் முழு உறுப்பினரானது. 2012-ல் பெத்லகேமின் திருப்பிறப்புக் கோயில் அதன் முதல் உலகப் பாரம்பரியத் தளம். இரண்டாவது பத்தீர். 2014 ஜூன் 20 அன்று தோஹாவில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு ‘ஆலிவும் திராட்சையும் விளையும் நிலம்: தெற்கு ஜெருசலேமின் பண்பாட்டு நிலக்காட்சி, பத்தீர்’ என்ற பொருள்படும் தலைப்பில் அதை அவசர நடைமுறையில் பட்டியலில் சேர்த்தது. அன்றே ஆபத்திலுள்ள தளங்களின் பட்டியலிலும் சேர்த்தது. தளத்தின் பரப்பு சுமார் 349 ஹெக்டேர், அதைச் சுற்றிய தாங்கல் பகுதி சுமார் 624 ஹெக்டேர்.

பிறகு 2015 ஜனவரியில் நீதிமன்ற வழக்கு முடிவுக்கு வந்தது. சுவர் கூடவே கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. இப்போதைக்கு அங்கே கட்டும் திட்டம் இல்லை என்பது அரசின் நிலைப்பாடு. அந்த அளவில் திட்டம் கிடப்பில் போனது. ஊர் கொண்டாடியது. நியாயம்தான்.

இந்தப் பெருமைக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. உலகப் பாரம்பரிய உடன்படிக்கைப்படி தளத்தைக் காப்பது அதை முன்மொழிந்த நாட்டின் பொறுப்பு. முன்மொழிந்தது பாலஸ்தீனம். 1990-களில் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தங்களின்படி பத்தீரின் வீடுகள் இருக்கும் இடம் பி பகுதி, அதாவது ஊர் நிர்வாகம் பாலஸ்தீனரிடம், பாதுகாப்பு இஸ்ரேலிடம். வயல்களின் பெரும்பகுதி இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள சி பகுதி. அறிக்கை எழுத வேண்டியவரிடம் நிலம் இல்லை. நிலத்தை வைத்திருப்பவரோ 2018 முடிவில் யுனெஸ்கோவைவிட்டே வெளியேறிவிட்டார். பட்டியலில் பெயர் இருப்பது நீதிமன்றத்தில் எடை கூட்டும், பத்திரிகையில் செய்தியாகும். வயலோரத்தில் ஒரு வண்டி வந்து நின்றால் அதைத் தடுக்க அந்தப் பட்டியலிடம் ஆள் இல்லை.

பேரம் பேச முடியாத எதிராளி

சுவரைக் கட்ட அரசுக்குத் தடம், பட்ஜெட், அமைச்சரவை முடிவு, நீதிமன்ற அனுமதி எல்லாம் வேண்டும். அதனால் அதை எதிர்க்கவும் பல இடங்கள் கிடைத்தன. இஸ்ரேலியர் சிலர் தாமாகவே அமைக்கும் புறக்காவல் குடியேற்றம் வேறு மாதிரி வருகிறது. ஒரு கூடாரம், சில ஆடுகள், ஒரு மண்பாதை. சட்டப்படி இஸ்ரேலின் அனுமதிகூட இல்லாமல் தொடங்கி, பிறகு அரசு பின்னோக்கி அங்கீகரிக்கும்.

2023 அக்டோபரில் தொடங்கிய காசா போருக்குப் பிறகு பத்தீர் நிலங்களில் இது வேகம் பிடித்தது. 2024 ஜூனில் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சரவை ஐந்து குடியேற்ற இடங்களை அங்கீகரிக்க முடிவெடுத்தது. அதில் ஒன்று நஹல் ஹெலெட்ஸ். ஆகஸ்ட்டில் அதற்கு சுமார் 600 துனாம், அதாவது 150 ஏக்கர் அளவு நிலம் ஒதுக்கப்பட்டது. நிதி அமைச்சர் பெசலேல் ஸ்மோட்ரிச் அறிவித்தார். அந்த இடம் பாரம்பரியத் தளப் பகுதிக்குள் வருகிறது என்று குடியேற்றங்களை எதிர்க்கும் இஸ்ரேலின் பீஸ் நவ் அமைப்பு சுட்டிக்காட்டியது. 1949-ல் தயானுக்கு ரயில் தேவைப்பட்டது, 2012-ல் பூங்கா ஆணையத்துக்கு நிலக்காட்சி தேவைப்பட்டது. இந்தப் புதிய குடியேற்றத்தாருக்குத் தேவை அந்த நிலமேதான். கொடுப்பதற்கு ஊரிடம் வேறு பொருள் கிடையாது.

இங்கே உழுவதன் சட்டப் பொருளையும் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் நில உரிமைக்கு இன்றும் அடிப்படையாக எடுக்கப்படுவது 1858-ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச் சட்டம். பயிரிட்டுவரும் நிலத்தில் உரிமை உண்டாகும். மூன்று ஆண்டுகள் பயிரிடாமல் விட்டால் அது அரசிடம் போகலாம். 1979-க்குப் பிறகு இஸ்ரேல் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏராளமான இடங்களை ‘அரசு நிலம்’ என்று அறிவித்தது. துண்டு நிலத்தில் பாதிக்குமேல் பயிர் இருக்க வேண்டும் என்பதும் நடைமுறையில் பார்க்கப்படுகிறது. பாறையும் சுவரும் நிறைந்த படிவயலில் அந்தக் கணக்கு எவ்வளவு அநியாயம் என்று விவசாயிக்குத் தெரியும்.

அதனால் பத்தீரின் தற்காப்பு கடைசியில் ஆள்கூலிக் கணக்கில் வந்து நிற்கிறது. சரிந்த சுவரை எடுத்துக்கட்ட ஆள் வேண்டும், நாள் வேண்டும். காய்கறியில் வரும் வருமானம் கட்டட வேலைக் கூலிக்கு ஈடாகாது. மேற்குக் கரை இளைஞர்கள் நீண்ட காலமாக இஸ்ரேலில் கூலி வேலைக்குப் போனது இதனால்தான். அதுவும் 2023 அக்டோபருக்குப் பிறகு பெரும்பாலோருக்கு நின்றுபோனது. நடைபாதைச் சுற்றுலா, விருந்தினர் விடுதி என்று ஊர் முயன்ற வருமானமும் போர்க் காலத்தில் நம்பக்கூடியது அல்ல. பாரம்பரியப் பட்டயத்துக்குச் செலவான முயற்சியில் ஒரு பங்கு கத்தரிக்காய்க்கு நல்ல சந்தை பிடிப்பதில் செலவாகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஜெருசலேம் சந்தை பெண்களின் கூடைக்கு எட்டாமல் போன நாளிலிருந்தே அந்தக் கேள்வி அங்கே கிடக்கிறது.

இனி கவனிக்க வேண்டியது ஹெலெட்ஸில் எத்தனை வீடுகள் எழுகின்றன என்பதைவிட, அதற்குச் சாலை எந்த வழியாக வருகிறது என்பது. பத்தீருக்கும் பைத் ஜாலாவுக்கும் நடுவே இருக்கும் மக்ரூர் பள்ளத்தாக்கின் குறுக்கே சாலையும் அதற்குக் காவலும் வந்தால், அதற்கு மேலே உள்ள ஆலிவ் படிகளுக்கு நடந்து போவதே முடியாமல் போகும். அப்படி எட்டாமல் போகும் நிலத்துக்கு மூன்று ஆண்டுக் கணக்கு அன்றே தொடங்கிவிடும்.